சந்தனம் பூசாத மூன்று மொட்டைகள்

ஆலங்குறிச்சியில் அண்ணன் தம்பி மூன்று பேர் இருந்தார்கள். அறிவழகன், ஞானசேகரன், மதிவாணன். பெயர் வைத்தபோது கைக்குழந்தைகள். யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

மூவரும் சேர்ந்து சலூன் நடத்தினார்கள். ஓய்வே கொடுக்காமல் ஆட்கள் முடிவெட்ட வந்துகொண்டிருந்ததால், அதைச் சுடலைமுத்து அண்ணாச்சிக்குத் தவணையில் விற்றுவிட்டார்கள். முதல் தவணை வந்தது. அப்புறம் அண்ணாச்சியின் சிரிப்பு மட்டும் வந்துகொண்டிருந்தது.

அறிவழகனின் மனைவி செண்பகத்துக்குப் பொறுக்கவில்லை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள பணம் கட்டலைன்னா, அடகுல இருக்கிற என் சங்கிலி ஏலத்துக்குப் போயிரும். மூணு பேரும் கடையில போய் உக்காருங்க. அவரு கையால பணம் தராம எந்திரிக்காதீங்க. முக்கியமா, அங்க வாயைத் திறக்காதீங்க. வாயைத் திறந்துதான் ஏமாந்துட்டு வாரீங்க."

சொல்லிவிட்டு, அடகுக் கடைக்காரரிடம் கெஞ்சக் கிளம்பினாள்.

மூவரும் போய் மூன்று நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். கண்ணாடிக்கு மேலே ஒரு போர்டு: 'முடி வெட்டாதவர்கள் நாற்காலியில் உட்காரக் கூடாது.' ஓசியில் பேப்பர் படிக்க வருகிறவர்களுக்காக இவர்களே எழுதி மாட்டியது.

அண்ணாச்சி போர்டைக் காட்டினார். மூவரும் தலையை நீட்டினார்கள். சட்டம் சட்டம்தான்.

"கட்டிங்கா?" பதில் இல்லை. வெட்டினார்.

"சேவிங்?" பதில் இல்லை. மழித்தார்.

"மீசை?" மீசை போயிற்று. அப்போதும் யாரும் எழவில்லை.

"பின்ன என்ன, மொட்டையா?"

கண்ணாடி வழியாக மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாய் மட்டும் திறக்கவில்லை.

வேலை முடிந்தது. "கூலியைத் தவணையில கழிச்சுக்கிடுதேன். தலை எரியும், இந்தாங்க பத்து ரூபாய், சந்தனம் வாங்கிப் பூசிக்கிடுங்க" என்றார் அண்ணாச்சி.

கையால் பணம் தந்துவிட்டார். மூவரும் எழுந்தார்கள்.

"சந்தனம் வாங்குவோமா, அண்ணே?" என்றான் ஞானசேகரன் வழியில்.

"ஏலே, வசூல் பணத்துலயா? உன் மதினி சங்கிலி என்ன ஆவுறது?"

"தலை எரியுதே!"

"சங்கிலியை மீட்டதும் அணைஞ்சிரும்."

கோயில் மொட்டை என்றால் சந்தனம் இருக்கும். சந்தனமும் இல்லாமல், மீசையும் இல்லாமல், அண்ணன் தம்பிகள் வரிசையாக வந்தால் தெருவுக்குத் தெரியாதா? எதிர்வீட்டு இசக்கியம்மாள், "ஐயோ, போயிட்டாங்களா!" என்று மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். அரைமணியில் பந்தல் வந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன.

"போனது யாருண்ணே?" என்று மதிவாணன் காதைக் கடித்தான்.

"தெரியலை. தெருவே அழும்போது வீட்டுக்காரங்க நாம சும்மா நின்னா நல்லாவா இருக்கும்?"

மூவரும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள்.

செய்தி சலூனுக்கு எட்டியதும் அண்ணாச்சிக்கு வியர்த்தது. 'அதான் ஒரு வார்த்தை பேசாம உக்காந்திருந்தாங்களா! சாவு மொட்டைக்கா கூலி கழிச்சேன்?' கல்லாவை வழித்தெடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"தம்பி, மொத்தப் பாக்கியும் இருக்கு. வாங்கிக்கிடுங்க. துக்க வீட்டுக் காசு எனக்கு ஆகாது."

அறிவழகன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். "துக்க வீட்ல வசூல் பண்ணினா ஊரு காறித் துப்பும், அண்ணாச்சி. காரியம் முடியட்டும்."

"காரியம் என்னைக்கு?"

"யாருக்குன்னு தெரிஞ்சதும் சொல்லி அனுப்புதோம்."

அந்த நேரம்தான் செண்பகம் திரும்பினாள். பந்தலைப் பார்த்ததும் பையை வீசிவிட்டு, "ஐயோ, யாருங்க?" என்று அலறிக்கொண்டு வந்தாள்.

அறிவழகன் அவளைத் தனியே அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினான்.

"அழாதே. பணம் ரெடியா இருக்கு. செத்தது யாருன்னு மட்டும் வெள்ளிக்கிழமைக்குள்ள கண்டுபிடிச்சிட்டா, உன் சங்கிலி வந்துரும்."