பியானோ நின்ற இடம்

“பாதியில பியானோவுல இருந்து கையை எடுத்துட்டீங்களே மிஸ்.”

“எடுத்தேன்.”

“எனக்கு உசுரே போச்சு.”

“போகல மேன். நிக்கிறியே.”

ஹேசல் டீயை உறிஞ்சினாள்.

சவரிராயன் நகரவில்லை. அவளைவிட மூத்தவன். சாவு ஊர்வலத்தில் ட்ரம்பெட் ஊதி ஊதியே கன்னம் தொங்கிப்போன ஆள். வாசலில் ஊரே அழுகிறபோதும் அசராமல் ஊதுவான். ஆனால் அங்கே சுற்றிலும் ஆள் உண்டு. இவன் மூச்சு வாங்கினால் பக்கத்திலிருப்பவன் ஊதுவான். மேளம் நிற்கவே நிற்காது. தனியாக ஊதி அவனுக்குப் பழக்கமில்லை.

இந்த வயதில் ஜாஸ் பைத்தியம் பிடித்தது. பியானோ வாசிக்கிற ஹேசலிடம் போய் நின்றான். அவள் சிரித்தாள், சேர்த்துக்கொண்டாள்.

எழும்பூரில் ஒரு ஓட்டல். ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்கு வாசிப்பு. ரெண்டே பேர். பாட்டை ஒருமுறை இருக்கிறபடி வாசிக்க வேண்டும். அப்புறம் இவன் மனசில் வந்ததை ஊதலாம். பியானோ அடியில் நின்று தாங்கும். அந்தத் தாங்கலை நம்பித்தான் ட்ரம்பெட்டை வாயில் வைப்பான்.

அதுதான் இன்றைக்கு நடுவில் நின்றுபோனது.

கரண்டிச் சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள். நாலைந்து தலை திரும்பின. சவரிக்கு நாக்கு வறண்டுவிட்டது. விக்கல் மாதிரி ஒரே இடத்தை ஊதிக்கொண்டு நின்றான், பியானோ திரும்பி வரும்வரை.

முடிந்ததும் மேனேஜர் புருஷோத்தமன் வந்தார்.

“நடுவுல ஓட்டை விழுந்துச்சே, என்ன அது?”

கேட்டது இருவரையும். பார்த்தது சவரியை.

“இன்னொரு தடவை நடந்தா, அதுக்குக் காரணமானவங்க மறுவாரம் வர வேணாம். ஊர்ல எனக்கு ஆளா இல்ல?”

ஹேசல் பழியைச் சவரி தலையில் விட்டுவிட்டு டீ கேட்டாள்.

அவர் போனபிறகு சவரி கேட்டான்.

“எதுக்கு மிஸ் எடுத்தீங்க?”

“நீச்சல் கத்துக் குடுக்கிறவன் சொல்லிட்டா மேன் கையை எடுப்பான்?”

சவரிக்கு அது வேதவாக்காகப் பட்டது. பெண்சாதியிடம் போய்ச் சொன்னான். “முங்கிட்டா?” என்றாள் அவள்.

அன்றிலிருந்து தூக்கம் போனது.

வியாழக்கிழமை பெரம்பூரில் ஹேசல் வீட்டுக்கு வாசித்துப் பழகப் போனான்.

“எனக்கு முந்தி உங்ககிட்ட ஊதினவங்கள்லாம் எங்க மிஸ்?”

“ஒருத்தனுக்கு முன்பல்லு போச்சு. இன்ஷூரன்ஸ் விக்கிறான். ஒருத்தன் ஆஸ்திரேலியாவுல இருக்கான். இன்னொருத்தன் பாட்டு நடுவுல நிறுத்தினான், பெட்டியில வச்சான், வீட்டுக்குப் போனான். அப்புறம் அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்ல.”

“ஏன்?”

“பயம்.”

சவரி ட்ரம்பெட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தான்.

“பியானோக்காரங்க?”

“டீ ஆறுது மேன்.”

பிறகு பியானோவை மூடினாள்.

“ஊது.”

ஊதினான். நன்றாகவே வந்தது. தெரு நாய்கூடக் குரைக்காமல் கேட்டது.

“இப்ப எங்க போச்சு உன் பயம்? நான் வாசிக்கவே இல்லையே.”

“மூடியிருக்கு மிஸ். மூடின பியானோ எப்படி நடுவுல விட்டுட்டுப் போகும்?”

ஹேசல் அவனைப் பார்த்தாள். டீ கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஞாயிறு வந்தது. வராமலா இருக்கும்.

புருஷோத்தமன் வாசல் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சவரி உதட்டை நக்கி நக்கிப் பார்த்தான். ஈரம் நிற்கவில்லை. முதல் பாட்டு தப்பித்தது. இரண்டாவதும் தப்பித்தது. மூன்றாவதில் அவன் முறை வந்தது. வழக்கமாகக் கண்ணை மூடிக்கொண்டு ஊதுகிறவன். இன்றைக்குப் பயத்தில் மூட முடியவில்லை.

பியானோ நின்றது.

எப்போது திரும்பி வரும் என்று ஹேசல் பக்கம் பார்த்தான்.

முகம் சிரித்துக்கொண்டிருந்தது, சாப்பிடுகிறவர்களைப் பார்த்து. இடது கை மடியில் கிடந்தது. சந்தையில் பலகைமேல் போட்ட மீன் மாதிரி. வலது கை அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து நீவிக்கொண்டிருந்தது. விரல் மடங்கவில்லை. விட்டால் விழுந்தது. மறுபடி பிடித்தாள்.

அவள் கையை எடுக்கவில்லை. கைதான் அவளை விட்டுப் போயிருந்தது.

சிரிப்பு மாறாமல் அவள் கண் மட்டும் சவரிமேல் திரும்பியது. அந்த மாதிரிக் கண்ணை அவன் பார்த்திருக்கிறான். பாடையைத் தூக்குகிற நேரத்தில், செத்தவனைக் கட்டினவளிடம்.

புருஷோத்தமன் கையைப் பிரித்தார். வாசலை விட்டு நடந்து வந்தார். பியானோவைப் பார்த்துத்தான் வந்தார்.

சவரி இரண்டடி நகர்ந்து குறுக்கே நின்றான். அவன் முதுகுக்குப் பின்னால் ஹேசலின் மடி மறைந்தது.

சாவு வீட்டில் ஒன்று உண்டு. வெளியூரிலிருந்து மகன் வரவேண்டியிருக்கும். பஸ் எங்கே நிற்கிறதோ தெரியாது. அவன் வராமல் எடுக்கமாட்டார்கள். வருகிறவரை பேண்டு செட் நிறுத்தக்கூடாது. மற்றவனெல்லாம் டீக்கடைக்கு நழுவினாலும் ஒருத்தன் நின்று இழுத்துக்கொண்டிருப்பான். வேகமாக ஊதினால் மூச்சு தீர்ந்துபோகும். மெள்ள, இடம் விட்டு விட்டு ஊத வேண்டும்.

சவரி அப்படி ஊதினான்.

கரண்டிச் சத்தம் நின்றது. புருஷோத்தமனும் நின்றார்.

முதுகில் வேர்வை ஓடியது. பியானோ இன்னும் திரும்பவில்லை, மகன் வரவேயில்லை. இந்த மகன் வராமலே போய்விடுவானோ என்று தோன்றியது. நிறுத்தவில்லை.

ரொம்ப நேரம் கழித்துப் பின்னால் ஒரு ஒலி விழுந்தது. வலது கை. அப்புறம், நொண்டிக்கொண்டு, இடது.

கைதட்டினார்கள். மூலை மேசைக்காரர் எழுந்தே தட்டினார்.

புருஷோத்தமன் அதற்கெல்லாம் மசியவில்லை.

“யார் நிறுத்தினது?”

ஹேசல் வாயைத் திறந்தாள்.

“நான்தான் சார்,” என்றான் சவரி. “மிஸ்ஸை நிறுத்தச் சொன்னேன்.”

“போன வாரமும்?”

“போன வாரமும்.”

“என்கிட்ட ஏன்யா சொல்லல?”

“சொல்லிட்டு நிறுத்தினா ஜாஸ் ஆகாது சார்.”

அவர் மூலை மேசையைப் பார்த்தார். சவரியைப் பார்த்தார். கணக்கு ஏதோ போட்டார்.

“இன்னிக்குக் கைதட்டினாங்க, சரி. ஒரு நாள் தட்டாம விட்டா நீ வர வேணாம். நீதான், புரியுதா?”

“புரியுது சார்.”

போனார். ஹேசல் இடது கையை வலது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“நீச்சல்னு சொன்னீங்களே மிஸ்.”

“வாயில வந்துச்சு மேன். சொல்லிட்டேன்.”

“அடுத்த வாரமும் வருமா இது?”

“அது என்கிட்ட சொல்லிட்டு வராது.”

சர்வர் வந்து மேசை துடைத்துவிட்டுப் போனான்.

“இன்னும் பயமா இருக்கா மேன்?”

“இருக்கு மிஸ்,” என்றான் சவரி. “போன வாரம் வரைக்கும் எனக்காக இருந்துச்சு.”