எந்தக் கலை?

"அம்மா, கலைன்னா என்ன? சட்டுன்னு சொல்லுங்க. எனக்கு நேரமில்லை."

ஆற்றைத் தாண்டி, மூச்சு வாங்க ஓடிவந்து இப்படிக் கேட்டவர் சிற்றம்பலப் புலவர். பூவாற்றூர் அரண்மனையில் எது கலை, எது கலையில்லை என்று பரீட்சை செய்து சொல்கிற உத்தியோகம் அவருக்கு. அதற்கு அடையாளமாக ராஜா ஒரு சரிகைத் தலைப்பாகை கொடுத்திருந்தார். அதன் கனத்தில் மனுஷனால் கழுத்தைக்கூடத் திருப்ப முடியாது.

உலகம்மை மாந்தோப்பில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். புலவரைவிட வயதில் சின்னவள். ஆனாலும் புலவருக்கு அவள்தான் குரு. அவளுக்கு ராஜாவும் 'நீ'தான், ராஜா வீட்டு யானையும் 'நீ'தான்.

"தெரிஞ்சு என்ன பண்ணப்போறே?"

"என்ன பண்ணப்போறேனா! தேர்த்திருவிழா வருது. கலைக்கு மட்டும்தான் ஊருக்குள்ள இடம், மத்ததெல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம்னு ராஜா உத்தரவு. நாட்டியம், வீணை இதிலெல்லாம் வம்பில்லை. இந்தக் கோமாளி உத்தண்டி இருக்கானே, அவன்கிட்டதான் மாட்டிக்கிட்டேன்."

"அவன் என்ன பண்றான்?"

"மூஞ்சியில மாவைப் பூசிக்கிட்டுக் கடைத்தெருவுல குதிக்கிறான். கலைக்கு முப்பத்திரண்டு லட்சணம் உண்டு, இவன்கிட்ட ஒண்ணுகூட இல்லைங்கிறார் பெரிய பண்டிதர். லட்சணமாவது மண்ணாவது, பிடிச்சவனுக்குக் கலை, பிடிக்காதவனுக்கு இல்லை, எல்லாம் அவரவர் இஷ்டம்கிறார் சின்னப் பண்டிதர். தீர்ப்பு நான் சொல்லணுமாம்! கலை இல்லைன்னு சொன்னா இன்னிக்கே அவன் பெண்டாட்டி பிள்ளையோட மூட்டையைக் கட்டணும். அந்தப் பாவம் எனக்கெதுக்கு?"

"அவன் கூத்தை நீ பார்த்தியா?"

"கிட்ட நின்னே பார்த்தேன்."

"சிரிச்சியா?"

புலவருக்குச் சுருக்கென்றது.

"நானா? பரீட்சை பண்றவன் பல்லைக் காட்டலாமா? இந்தத் தலைப்பாகைக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

உலகம்மை கீரையைக் கீழே வைத்தாள். புலவரை உச்சியிலிருந்து பாதம்வரை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள்.

"கலை" என்றாள்.

புலவர் காத்திருந்தார்.

"அதைத்தானே அம்மா நான் கேட்கிறேன்!"

"அதைத்தான் நானும் சொல்றேன். கலை."

அவள் மறுபடியும் கீரையை எடுத்துக்கொண்டாள்.

பாதி ஆறு கடக்கும்போதுதான் புலவருக்கு உறைத்தது. அடடா! உத்தண்டி பண்ணுவது கலைதான் என்று அம்மா சொல்லிவிட்டாள்! முழங்கால் தண்ணீரில் மனுஷன் துள்ளாத குறை.

அரண்மனை மாடத்தில் ராஜா நின்றிருந்தார். பக்கத்தில் இரண்டு பண்டிதர்களும், பெரிய மீசை வைத்த தளபதியும். கீழே கடைத்தெருவில் உத்தண்டியைச் சுற்றி ஊரே கூடிக் கிடந்தது.

"உலகம்மை என்ன சொன்னாங்க?" என்று கேட்டார் ராஜா.

"ஒரே வார்த்தைதான் மகாராஜா! 'கலை.'"

ராஜா கீழே கூட்டத்தைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"பாவம்தான். என்ன செய்யறது, அவங்களே சொல்லிட்டாங்க. தளபதி, போய்க் கூட்டத்தைக் கலைச்சுடு. அவனையும் எல்லை தாண்டி விட்டுட்டு வா."

புலவர் வாயைத் திறப்பதற்குள் தளபதி படியில் இறங்கிவிட்டார்.

ஐயையோ! அம்மா சொன்னது எந்தக் கலை? இருக்கட்டும் என்றாளா, விரட்டு என்றாளா? புலவருக்கே இப்போது தெரியவில்லை. போச்சு, தன் வாயாலேயே ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்தியாயிற்று என்று பதறிக்கொண்டு அவரும் பின்னாலேயே ஓடினார்.

தளபதி கூட்டத்துக்குள் புகுந்தார். வீரர்களைப் பார்த்துக் கத்தினார்.

"கலை!"

உத்தண்டி குதிப்பதை நிறுத்தினான். தளபதியைப் பார்த்தான். அவன் கண் கலங்கியது. இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டான்.

"கேட்டீங்களா சனங்களே! இத்தனை வருஷமா நானும் குதிக்கிறேன், ஒருத்தர் வாயிலேருந்து அந்த வார்த்தை வரலை. தளபதி ஐயா சொல்லிட்டாரு. கலையாம்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

தளபதிக்கு மூக்கு சிவந்தது. "கலை! கலைடா!"

"ஐயா, போதுங்க. ஒரு தடவை சொன்னாப் பத்தாதா? எனக்கு வெட்கமா இருக்கு."

உத்தண்டி மாவு பூசிய முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டான். அவனுக்கு ஏது முந்தானை! பக்கத்தில் நின்ற வீரனின் அங்கவஸ்திரம்தான் அது. வீரன் ஈட்டியைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"கூட்டத்தைக் கலை!" தளபதி தொண்டை கிழியக் கத்தினார்.

"கூட்டமும் கலையாம்! நீங்களும் தேறிட்டீங்க சனங்களே, ஐயாவைக் கும்பிடுங்க!"

கடைக்காரர், வண்டிக்காரர், மோர் விற்கிறவள், குழந்தை குட்டி எல்லாரும் ஒரேயடியாகத் தளபதிக்குக் குனிந்து கும்பிடு போட்டார்கள்.

தளபதியின் மீசை ஒரு பக்கம் துடித்தது. பல்லைக் கடித்துப் பார்த்தார். ஊஹூம், முடியவில்லை. இடி மாதிரி ஒரு சிரிப்பு வெடித்தது பாருங்கள், அடேயப்பா!

புலவரா? நியாயம் பேச வந்தவர், மோர்க்காரியின் பானைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வழிய, முன்பின் தெரியாத ஒரு வண்டிக்காரனின் தோளை அடித்து அடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மாடத்தில் ராஜா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிரித்துச் சிரித்து ஓய்ந்த பிறகு கேட்டார்.

"பண்டிதரே, முப்பத்திரண்டு லட்சணத்துல எத்தனை தேறிச்சு?"

பெரிய பண்டிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எண்ணலை மகாராஜா. மறந்தே போச்சு."

"உமக்கு?" என்று சின்னவரைக் கேட்டார். "அவரவர் இஷ்டம்னீரே, உம்ம இஷ்டம் என்ன?"

"அதை யார் மகாராஜா கேட்டா? நான் சிரிக்கிறதில்லைன்னுதான் நின்னேன். சிரிப்பு என்னைக் கேட்டுக்கிட்டா வந்துச்சு?"

ராஜா மறுபடி சிரிக்க ஆரம்பித்துவிட்டார். சிரிப்புக்கு நடுவிலேயே கையை ஆட்டினார். உத்தண்டி ஊரிலேயே இருக்கட்டும், தேரடியிலேயே ஆடட்டும் என்று உத்தரவாயிற்று.

கீழே அதைக் கேட்டதும் உத்தண்டியின் மனைவி கட்டிவைத்திருந்த மூட்டையை அவிழ்த்தாள். குழந்தைகள் அதிலிருந்த பொரியை எடுத்துத் தின்றன.

புலவர் திரும்பவும் ஆற்றில் இறங்கி ஓடினார்.

"அம்மா! உத்தண்டி தப்பிச்சான்! ஆனா ஒண்ணு சொல்லுங்க. நீங்க சொன்னது எந்தக் கலை? அவன் பண்றது கலைன்னா சொன்னீங்க, இல்லை கூட்டத்தைக் கலைன்னா?"

உலகம்மை அடுப்பில் கீரையைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"உத்தண்டியைப் பத்தி நான் ஒண்ணுமே சொல்லலையே."

"பின்னே?"

"உன்னைப் பார்த்துத்தான் சொன்னேன். வேஷத்தைக் கலைன்னு."

புலவர் திகைத்தார். கை தானாகத் தலைக்குப் போனது.

தலைப்பாகை இல்லை. மோர்ப்பானைப் பக்கத்தில் விழுந்ததோ, ஆற்றோடு போனதோ! அவருக்கு நினைவே இல்லை. முடி நாலாபக்கமும் பறந்து நின்றது.

உலகம்மை கரண்டியை வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். பொங்கி வந்தது சிரிப்பு அவளுக்கு.

"அட, கலைஞ்சிருச்சே!"