குடத்தில் அடைபட்ட அந்தி

முன்னொரு காலத்திலே, மேகத்துக்கும் மேலே பனிமுகடு என்று ஒரு நாடு இருந்தது. எந்தக் காலம், எந்த மலை என்று குறுக்கே கேட்காதீர்கள். கேட்டால் கதை நின்றுவிடும்.

அந்த நாட்டு ராஜா மகுடவர்மன். அவனுக்கு ஒரே மகள், அல்லி. ஓர் ஐப்பசி மாதம் அவளுக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. ராஜா வேட்டைக்குப் போயிருந்தான். ஆள் ஓடிப்போய்ச் சேதி சொன்னதும் குதிரையைத் திருப்பினான். பாதி வழியிலேயே இருட்டிவிட்டது. ஐப்பசி அந்தி முந்தி வருவது ஊரறிந்த விஷயம்தானே? ராஜா வழி தவறினான். வந்து சேர்ந்தபோது மகள் போய்விட்டாள்.

ராஜா யார்மேலும் கோபப்படவில்லை. அந்தியின்மேல் கோபப்பட்டான்.

தூமகேதன் என்ற மந்திரவாதியை வரவழைத்தான். "இனி என் நாட்டில் அந்தி முந்தி வரக் கூடாது" என்றான்.

"வராது" என்றான் தூமகேதன்.

ஒரு செப்புக் குடத்தை எடுத்தான். அல்லி செத்த அந்தி மலையிடுக்கில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. முதலில் அதைப் பிடித்து உள்ளே போட்டான். அதன் பிறகு முந்தி வரப் பார்த்த ஒவ்வொரு அந்தியும் தானாகவே குடத்துக்குள் போய் விழும்படி மந்திரம் போட்டு, வாயை அரக்கால் அடைத்து ராஜாவிடம் கொடுத்தான்.

அவ்வளவுதான். ஐப்பசியில் ஆனி மாதத்து வெளிச்சம். கார்த்திகையில் ஆனி மாதத்து வெளிச்சம். மார்கழியிலும் ஆனி மாதத்து வெளிச்சம். ஊரே கொண்டாடியது. வியாபாரி கூடுதலாக விற்றான். நெசவாளி கூடுதலாக நெய்தான்.

ஆனால் வாடைக் காற்று எந்த மந்திரவாதி பேச்சையும் கேட்காது. அது வழக்கம்போல வந்தது. உறைபனியையும் கையோடு கூட்டி வந்தது.

நஞ்சியின் கதை இங்கேதான் ஆரம்பம். அவளும் அவள் புருஷன் மாதனும் முகட்டுக்குக் கீழே குறும்பாடு மேய்த்தார்கள். குறும்பாடு என்றால் கம்பளி மயிர் ஆடு. அந்த ஊரில் ஆட்டுக்குக் கத்தரி போடும் வழக்கம் இல்லை. கோடையில் மயிர் தானாக உதிரும். முள்ளுச்செடியில் சிக்கியதைப் பொறுக்கிக் கம்பளி நூற்பார்கள். ஐப்பசியில் புது மயிர் கிளம்பும். மார்கழியில் கையை வைத்தால் மணிக்கட்டு வரை புதையும்.

அந்த வருஷம் கிளம்பவில்லை. ஆடுகள் மொட்டைத் தோலோடு நின்றன. சாயங்காலமானால் எல்லாம் மேற்கே பார்த்துக்கொண்டே நிற்கும்.

"எதைடி பார்க்குதுங்க?" என்றான் மாதன்.

"எனக்கென்ன ஜோசியமா தெரியும்?" என்றாள் நஞ்சி.

முதல் உறைபனிக்கு இளம் ஆடுகள் செத்தன. மாதன் பட்டிக்கு முன்னால் தீ மூட்டினான். இரண்டாம் உறைபனிக்குக் கிழடுகள் செத்தன. பட்டியைச் சுற்றித் தீ மூட்டினார்கள். மூன்றாம் உறைபனிக்குத் திடமான ஆடுகளே விழுந்தன. விறகைக் கொட்டி, விடிய விடியப் பகல் மாதிரி எரித்தார்கள்.

எரிக்க எரிக்கத் தோல் இன்னும் மொட்டையானது. கிடாக்களோ பெட்டைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருக்கிறதும் சாகும், புதுசும் பிறக்காது. மந்தை போனால் நஞ்சிக்கும் மாதனுக்கும் கஞ்சி கிடையாது, மலையும் கிடையாது.

கால் ஒடிந்த காரி என்ற கிழட்டு ஆட்டை ஆவணியிலேயே ஒரு குகையில் விட்டு, வாசலைப் பாறையால் மறைத்திருந்தார்கள். அங்கே மதியம் தாண்டினால் வெயில் எட்டாது. மாதன் தினமும் பாறைச் சந்து வழியாகத் தீவனத்தைத் தள்ளிவிட்டு வந்துவிடுவான். இதாவது பிழைக்கட்டும், தீப்பக்கம் கொண்டுபோவோம் என்று நஞ்சி பாறையை நகர்த்தி உள்ளே நுழைந்தாள். கையை வைத்தாள். மணிக்கட்டு வரை புதைந்தது.

"கையை எடு. கூசுது" என்றது காரி.

மந்திரம் போட்ட நாட்டில் ஆடு பேசுவதா பெரிய அதிசயம்? நஞ்சி பயப்படவில்லை.

"உனக்கு மட்டும் எப்படி மயிர் விட்டுது?"

"இங்க மதியமே இருட்டிடுது. எனக்கு அந்தி வந்துது. அதுங்களுக்கு வரலை."

"குளிர் வந்துதே!"

"அடி அசடே! குளிரைப் பார்த்து மயிர் விட ஆரம்பிச்சா, விட்டு முடிக்கிறதுக்குள்ள செத்துப்போவோம். அந்தியைப் பார்த்துத்தான் விடுவோம். அந்தி முந்தினா உடம்புக்குச் சேதி போகும். மயிர் கிளம்பும். கிடாவுக்குக் கிறுக்குப் பிடிக்கும். பசி அடங்கும், இருக்கிற கொழுப்பை மெள்ள மெள்ளக் கரைப்போம். எல்லாம் அந்தி சொல்லித்தான். அதுங்க கண்ணுக்கு இன்னும் ஆனி மாசம்."

நஞ்சி தலையில் அடித்துக்கொண்டாள். "நாங்க தீ வேற மூட்டினோமே."

"ஆமா. இருந்த கொஞ்ச இருட்டையும் எரிச்சுட்டீங்க. அன்பாத்தான் செஞ்சீங்க. அன்புக்கு மயிர் முளைக்காது."

நஞ்சி ஓடிப்போய்த் தண்ணீரை எடுத்துத் தீயில் கொட்டினாள். மாதன் கத்தினான்: "ஏய், பைத்தியம் பிடிச்சுட்டுதா உனக்கு?" அவள் நடந்ததைச் சொன்னாள். அவன் நம்பவில்லை. ஆனாலும் மறுபடி மூட்டவில்லை. மூட்டினபோது மட்டும் என்ன பிழைத்தது?

நஞ்சி தூமகேதனிடம் போனாள். அவன் கொட்டாவி விட்டான்.

"மூடினவன் நான். மூடச் சொன்னவன் ராஜா. சொன்னவன் கைதான் திறக்கணும். போய்க் கேட்டுப் பார். திறந்தா முதல்ல வெளியே வர்றது அவன் மகள் செத்த அந்தி. திறப்பானா அவன்?"

நஞ்சி ஓர் ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு அரண்மனைக்கு நடந்தாள். ராஜா குடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் ஆட்டை அவன் மடியில் இறக்கினாள்.

"தொட்டுப் பாருங்க சாமி."

வெறும் தோல். வெடவெடவென்று நடுங்கியது.

"போர்வை கொடுக்கச் சொல்கிறேன்" என்றான் ராஜா.

"போர்வை வேண்டாம் சாமி. அந்தி வேணும்."

"தீவனம் கொடுக்கச் சொல்கிறேன்."

"தீவனம் வேண்டாம் சாமி. அந்தி வேணும்."

"வேறு நாட்டு ஆடு வாங்கித் தருகிறேன்."

"அதுவும் இங்க வந்தா மொட்டையாத்தான் நிக்கும். அந்தி வேணும்."

ராஜா எரிந்து விழுந்தான். "இதைத் திறந்தால் எது வரும் தெரியுமா உனக்கு?"

"தெரியும் சாமி. பொண்ணு முகத்தைப் பார்க்க முடியலையேன்னுதானே இந்தக் கோபம்? அந்த வேளையைக் குடத்துல அடைச்சு வெச்சுக்கிட்டு, இன்னும் பார்க்காமலேதான் இருக்கீங்க."

ராஜா ஆட்டைத் தடவிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் அதன் நடுக்கம் நின்றது.

"சூடு வந்துவிட்டது" என்றான்.

"இல்லைங்க" என்றாள் நஞ்சி.

ராஜா குனிந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு செத்த ஆட்டை மெதுவாகக் கீழே கிடத்தினான். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தான். செருப்புக்கூடப் போடவில்லை.

பட்டிக்கு வந்து, மிஞ்சிய ஆடுகளுக்கு நடுவே நின்று, அரக்கை நகத்தால் பெயர்த்தான்.

முதலில் அந்த அந்தி வந்தது. சாம்பல் நிறத்தில், மருந்து வாசனையோடு வந்து அவனைச் சூழ்ந்தது. அதற்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது:

"அப்பா வந்துட்டாரா?"

மறுபடியும் கேட்டது: "அப்பா வந்துட்டாரா?"

ராஜா குரல் வந்த பக்கம் இரண்டு கையையும் நீட்டினான். மூன்றாம் தடவை அந்தக் குரல் கேட்பதற்குள், "வந்துட்டேன்மா. இதோ இருக்கேன்" என்றான். இருட்டுக்குள் ஒரு முகம் தெரிந்தது. பார்த்தான். மறையும்வரை பார்த்தான்.

அதன் பின்னால் மற்ற அந்திகள் வந்தன. ஐப்பசி அந்தி வந்தது. கார்த்திகை அந்தி வந்தது. மார்கழி அந்தி வந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக மந்தைமேல் இறங்கின. ஆடுகள் தலையைத் தூக்கின. மாதக்கணக்கில் வளர வேண்டிய மயிர் அந்த ஒரே இருட்டில் புசுபுசுவென்று கிளம்பியது. கிடாக்கள் கொம்போடு கொம்பு மோதின. ராஜா ஆடுகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதான். நஞ்சி தடுக்கவில்லை. மாதன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் முறைத்தாள். மூடிக்கொண்டான்.

மந்திரம் உடைந்ததும் தூமகேதன் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டான். போகிற வழியில் குளிர் தாங்காமல் ஊர் ஊராகக் கம்பளி கேட்டானாம். ஆட்டை மொட்டையாக்கினவனுக்கு யார் கொடுப்பார்கள்?

ராஜா அந்த மலையையே நஞ்சிக்கு எழுதிவைத்தான். வைகாசியில் குட்டிகள் பிறந்தன. கொஞ்சம்தான். குட்டி போட மிஞ்சிய பெட்டைகளே அவ்வளவுதான். ஆனால் ஒன்றுகூடச் சாகவில்லை. அடுத்த வருஷம் மந்தை பெருகியது, அதற்கடுத்த வருஷம் இன்னும் பெருகியது.

பிழைத்தவர்கள் நன்றாக இருந்தார்கள். செத்தவை செத்தவைதான், அதை எந்த ராஜாவாலும் மாற்ற முடியாது. கதை முடிந்தது. எழுந்து போங்கள்.