தணிகாசலம் ஐயா காரில் ஒழுகிய தண்ணீர்

இதைச் சரியாகச் சொல்வேனா என்று பயமாகத்தான் இருக்கிறது. எங்கள் அடுக்ககத்தில் ஆறு கார்கள் துடைக்கிறேன். மழை பெய்த மறுநாள், ஓய்வுபெற்ற அதிகாரி தணிகாசலத்தின் காருக்குள் தண்ணீர் நின்றது.

“கதவைத் திறந்துபோட்டுக் கழுவினியா? இல்லேன்னா எங்கே ஒழுகுதுன்னு காட்டு. காட்டலேன்னா ஒரு வீட்லயும் உனக்கு வேலை இருக்காது.”

“நீங்க உள்ளே உட்காருங்க ஐயா, நான் மேலே ஊத்துறேன்” என்றேன்.

கதவுகளைச் சாத்தி ஒரு வாளி ஊற்றினேன். அவர் வழுக்கையிலேயே சொட்டியது. பதவியில் இருந்தபோது சுழல்விளக்கு வைக்க அவர் கார் கூரையில் போட்ட துளை அது. விளக்கைக் கழற்றியவர் துளைமேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்; அது கிழிந்திருந்தது. பார்த்துக்கொண்டிருந்த வாட்ச்மேன் சிரித்துவிட்டார்.

“துடைச்சுத் துடைச்சு ஸ்டிக்கரைக் கிழிச்சதே நீதான்டி!” என்று ஐயா என்மேல் பாய்ந்தார்.

அன்றே அந்தக் காரைத் துடைப்பதை விட்டேன். மற்ற ஐந்தையும் வாட்ச்மேன் பக்கத்தில் நின்றால்தான் தொடுகிறேன்.