எழிலி என்கிற பேர்

நொய்யல் கரையில் இருந்த அந்தச் சின்ன மடத்துக்கு டாக்டர் செங்கோட்டுவேல் அடிக்கடி வருவார். குருவுக்கு அவரைவிட வயது குறைவு. அதைப் பற்றி இருவருமே கவலைப்பட்டதில்லை.

டாக்டருக்குக் கருவிலேயே மரபணுவைத் திருத்துகிற வேலை. பிள்ளை சிவப்பாக வேண்டும், உயரமாக வேண்டும், கணக்கில் புலியாக வேண்டும் என்று வந்தவர்களையெல்லாம் வாசலோடு திருப்பி அனுப்பியவர். நோயைத் தவிர வேறு எதிலும் கை வைக்க மாட்டேன் என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கட்டும், நியாயமான கர்வம்தான்.

அன்று வந்த டாக்டர் வழக்கம்போல் விழுந்து கும்பிடவில்லை. தூணோரம் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"காருல யாருங்க?" என்று குரு கேட்டார்.

"பெரியவ எழிலிங்க சாமி. உள்ள வர மாட்டேன்னுட்டா."

எழிலிக்குப் பதினோரு வயது. பிறவியிலேயே தசை கரைகிற நோய். முதலில் கால் போயிற்று, இப்போது கை போய்க்கொண்டிருக்கிறது. அடுத்தது மூச்சு என்பது அவள் அப்பாவுக்கு மற்றவர்களைவிட நன்றாகவே தெரியும்.

"சின்னவ எப்படி இருக்கா?"

"நல்லாருக்காங்க. போர்வையை உதைச்சுத் தள்ளிடறா. அவளுக்கு இந்த நோய் வராதுங்க. நானேதான் திருத்துனேன். வர்ற வெள்ளிக்கிழமை பேர் வைக்கறோம்."

நல்ல சேதியைச் சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார்.

"பெரியவ ஒண்ணு கேட்டாங்க சாமி. என்னையும் இந்த மாதிரி திருத்தியிருந்தா நான் வந்திருப்பனா, வேற யாராச்சும் வந்திருப்பாங்களாப்பான்னு."

"என்ன சொன்னீங்க?"

"நீயேதான் கண்ணு வந்திருப்ப, ஓடியாடற எழிலியா வந்திருப்பேன்னேன். ஆறுதலா இருக்கும்னு நெனச்சேனுங்க."

"அதுக்கு?"

"பாப்பாவையே கொஞ்ச நேரம் பார்த்தா. அப்ப இவதானேப்பா எழிலி, எம்பேரை இவளுக்கே வெச்சுடுங்கன்னா. சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க சாமி. எனக்கு என்னமோ பெரிய உதவி பண்ற மாதிரி."

ஆற்றில் சாயப்பட்டறைத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

"நோயை எடுத்தது தப்புங்களா?"

"இல்லை."

"பின்ன நான் பண்ணுன தப்புதான் என்னங்க?"

"சின்னவளைத் திருத்தறப்ப யாரை நெனச்சுக்கிட்டு இருந்தீங்க?"

"பெரியவளைத்தாங்க. இவளை மாதிரி இன்னொண்ணு வந்துடக் கூடாதுன்னு..."

பாதியில் நின்றுவிட்டது. தன் வாயிலிருந்து வந்ததை அவர் அப்போதுதான் கேட்டார். கேட்காமலே இருந்திருக்கலாம், பாவம்.

குரு எழுந்து வாசலுக்கு வந்து காரைக் காட்டினார்.

"அவளைக் கூப்பிடுங்க. பேர் சொல்லிக் கூப்பிடுங்க."

"எழிலி!"

காரின் கதவு திறந்துதான் இருந்தது. பெண் வேப்பமரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழிலிக் கண்ணு! அப்பா கூப்பிடறேன் பாரு!"

அவள் மெதுவாகத் தலையைத் திருப்பினாள். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை.

"எழிலி வீட்டுல அம்மாகிட்ட இருக்காளேப்பா," என்றாள்.

டாக்டர் அப்படியே குருவின் காலடியில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் என்னதான் பண்ணட்டும் சாமி?"

"பேர் வெச்ச அன்னைக்கு அவ காதுல அதைச் சொன்னது யாரு?"

"நாந்தாங்க. மூணு தடவை சொன்னேன்."

"போய் மறுபடி சொல்லுங்க."

"அவ காதுல வாங்கலைன்னா?"

"வாங்க மாட்டா," என்றார் குரு. "சொல்லிக்கிட்டே இருங்க. அவளுக்கு வேற பேர் இல்லை."