பதின்மூன்று பேருக்கு வேண்டாத தலைவர்

எருமை மூன்று தடவை எண்ணியது. மூன்று தடவையும் கீரிதான் ஜெயித்திருந்தது.

"கீரிக்கு எட்டு. ஆமைக்கு ஏழு. தவளைக்கு ஆறு. இந்த வருஷம் அல்லிக்குளத்துக்குக் கீரிதான் தலைவர்!" என்று அறிவித்துவிட்டு, எருமை சேற்றில் இறங்கிப் படுத்துக்கொண்டது. அதற்கு வாக்கு கிடையாது. அதனால்தான் எண்ணுகிற வேலையை அதனிடம் விட்டிருந்தார்கள்.

நீர்க்கோழிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அலகு திறந்தது திறந்தபடியே நின்றது.

"கீரியா? நம்ம குளத்துக்கா?" என்று அது பக்கத்தில் நின்ற முக்குளிப்பானைப் பிடித்து உலுக்கியது. "நாம பதிமூணு பேர் வேண்டாம்னு சொன்னோமே!"

"சொன்னோம்க்கா! ஆனா பாதிப் பேர் ஆமைகிட்டப் போய்ச் சொன்னோம், பாதிப் பேர் தவளைகிட்டப் போய்ச் சொன்னோம்!" என்றது அந்தக் குட்டிப் பறவை. 

அல்லிக்குளத்து வழக்கம் இதுதான். கரையில் மூன்று பாறைகள் முக்கோணமாகக் கிடக்கும். தலைவராக ஆசைப்படுகிறவர்கள் ஆளுக்கொரு பாறையில் உட்கார வேண்டும். மற்றவர்கள் தங்களுக்குப் பிடித்தவர் முன்னால் ஒரு நத்தை ஓட்டை வைக்க வேண்டும். எந்தப் பாறையில் ஓடு அதிகமோ, அவரே தலைவர். கோரைப் புதருக்குள் யார் போகலாம், யார் போகக்கூடாது என்று சொல்கிற அதிகாரம் அவருக்குத்தான்.

அந்தக் கோரைக்குள்தான் நீர்க்கோழியின் கூடு இருந்தது. கூட்டில் ஐந்து முட்டைகள் இருந்தன.

"குஞ்சு பொரிக்கிற வரைக்கும் ஒருத்தரையும் கோரைக்குள்ள விடமாட்டேன்" என்று ஆமையும் சொல்லியிருந்தது, தவளையும் சொல்லியிருந்தது. கீரி மட்டும் மீசையைத் தடவிக்கொண்டு, "கோரை எல்லாருக்கும் பொது!" என்றது. முட்டைகளைக் கீரி தின்றது போக மிச்சம் காக்கைகளுக்குக் கிடைக்கும். ஏழு காக்கைகளும் ஒரே பாறையில் ஓட்டை வைத்தன. கீரி தன் பங்குக்கு ஒன்று வைத்துக்கொண்டது. கதை முடிந்தது.

நீர்க்கோழி ஏன் ஆமைக்கு வைக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். ஒருநாள் ஆமை வெயில் காய இடம் தேடி, நீர்க்கோழியின் கூட்டுமேலேயே ஏறிவிட்டது. கூட்டின் ஓரம் சரிந்துபோனது. நீர்க்கோழி கத்து கத்தென்று கத்தியது. ஆமை மெதுவாகத் தலையை நீட்டி, "கூடா இது? குப்பைன்னுல்ல நெனச்சேன்" என்றது. அவ்வளவுதான்! அன்றிலிருந்து நீர்க்கோழி அதன் முகத்தில் விழிப்பதில்லை. தவளையோ கூட்டைப் புகழ்ந்து பாட்டே பாடியிருந்தது. அதனால் தன் ஓட்டைத் தவளைக்கு வைத்ததோடு விடாமல், ஆமைக்கு வைக்க இருந்த இரண்டு முக்குளிப்பான்களையும் கெஞ்சிக் கூத்தாடித் தவளை பக்கம் இழுத்துவந்தது.

அந்தக் கணக்கு இப்போதுதான் அதன் மண்டையில் ஏறியது. ஏழும் இரண்டும் ஒன்பது! எட்டைவிட ஒன்பது அதிகம்! தன் முட்டைக்குத் தானே எமனாகிவிட்டோமா என்று பதறிக்கொண்டு கூட்டுக்கு ஓடியது.

அன்று மத்தியானமே கீரி கோரைக்குள் வந்துவிட்டது.

"தலைவர் பார்வையிட வந்திருக்கேன், அக்கா. கொஞ்சம் எந்திரிங்க" என்றது சிரித்துக்கொண்டே.

நீர்க்கோழி எழுந்திருக்கவில்லை. கொத்தியது, அடித்தது, அலறியது. ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் காலியான கூட்டையும் முட்டை ஓட்டுத் துண்டுகளுக்காக அடித்துக்கொண்ட காக்கைகளையும் பார்த்தபடி தண்ணீரில் மிதந்தது. ஐந்து முட்டைகள்! ஒன்றுகூட மிஞ்சவில்லை. அழக்கூட வரவில்லை அதற்கு.

ஒரு வருஷம் ஓடியது. முதல் மழை விழுந்தது. மறுபடி தேர்தல் வந்தது; அது முடியும்வரை குளத்துக்குத் தலைவர் கிடையாது, கோரைக்குள் வெளியார் யாரும் நுழையக்கூடாது. நீர்க்கோழியின் கூட்டில் இந்த முறை நான்கு முட்டைகள்.

அது நேரே தவளையிடம் ஓடியது. "தம்பி, இந்தத் தடவை நீ நிக்காதே. ஆமையே நிக்கட்டும்."

"நானா? நான் ஏன் ஒதுங்கணும்? ஆமையை ஒதுங்கச் சொல்லுங்க!" என்று தவளை தொண்டையை உப்பிக்கொண்டது.

ஆமையிடம் ஒரு நண்டைத் தூது அனுப்பினார்கள். ஆமை அரைநாள் யோசித்து, "தவளை ஒதுங்கினா நல்லாயிருக்கும்" என்று சொல்லியனுப்பியது.

நீர்க்கோழி தலையில் அடித்துக்கொண்டு பாறை அருகே வந்து உட்கார்ந்தது. கீழே போன வருஷத்து நத்தை ஓடு ஒன்று கிடந்தது. அதைச் சும்மா காலால் சுழற்றியது. ஓட்டின் வாய் ஒருமுறை ஆமையின் பாறையைப் பார்த்து நின்றது. இன்னொரு முறை கீரியின் பாறையைப் பார்த்து நின்றது.

நீர்க்கோழி துள்ளி எழுந்தது.

"எல்லாரும் வாங்க! ஒதுங்கவே வேண்டாம், மூணு பேருமே நில்லுங்க!" என்று குளம் அதிரக் கத்தியது. "பிடிச்சவர் பாறையில ஓட்டை வைங்க. அவர் இல்லேன்னா அடுத்தது யாரோ, ஓட்டோட வாயை அவர் பக்கம் திருப்பி வைங்க. யாருக்கும் பாதிக்கு மேல வரலேன்னா, கடைசியா வந்தவர் இறங்கிடணும். அவர்கிட்ட இருக்கிற ஓடெல்லாம் வாய் பார்க்கிற பாறைக்குப் போகட்டும்!"

"மோசடி! ஆளுக்கு ஒரு ஓடுதான் வழக்கம். இது ஆளுக்கு ரெண்டு!" என்று கீரி பல்லைக் காட்டியது.

"எண்ணிப் பாரு! ஓடு ஒண்ணுதான். ஒரு நேரத்துல ஒரு பாறையிலதான் இருக்கும்!"

"எனக்குக் குழப்பமா இருக்கு. நான் எதை வெச்சாலும் பக்கவாட்டுல போயிடுது" என்றது ஒரு நண்டு. அது சொன்னதும் நியாயம்தான். நீர்க்கோழி அதைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பத்துத் தடவை வைத்துப் பழக வைத்தது.

பாதிக்கு மேல் தலையாட்டினால் அல்லிக்குளத்தில் வழக்கத்தை மாற்றலாம். பதின்மூன்று தலைகள் ஆடின. கீரியால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஆனால் அடுத்த நாள் நடந்ததைக் கண்டு நீர்க்கோழி அரண்டுபோனது. கீரி கோரை வாசலில் வந்து பணிவாக நின்றது!

"அக்கா, நல்லாயிருக்கீங்களா? முதல்ல எனக்கு வைக்கமாட்டீங்கன்னு தெரியும். வாயையாவது என் பக்கம் திருப்பி வைங்களேன். அந்த ஆமை உங்க கூட்டையே குப்பைன்னு சொன்னவன்தானே?"

"போடா வெளியே!" என்று நீர்க்கோழி சீறியது. கீரி போய்விட்டது. ஆனால் அது நேரே தவளைகளிடம் போனதை நீர்க்கோழி கவனிக்கவில்லை.

தேர்தல் நாள் வந்தது. முக்குளிப்பான்கள் இந்த முறை பயமில்லாமல் தவளைக்கே வைத்தன. நீர்க்கோழியும் தவளைக்குத்தான் வைத்தது. வைத்துவிட்டு, ஓட்டின் வாயை எந்தப் பக்கம் திருப்புவது என்று வெகுநேரம் நின்றது. குப்பை என்ற சொல் காதில் இன்னும் குத்திக்கொண்டிருந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஓட்டைத் திருப்பிவிட்டு நகர்ந்தது.

எருமை எண்ணியது. "கீரிக்கு எட்டு. ஆமைக்கு ஏழு. தவளைக்கு ஆறு."

காக்கைகள் ஆரவாரம் செய்தன. "அதே கணக்கு! தலைவர் வாழ்க!"

"இருங்கடா. பதினொண்ணு யாருக்கும் வரல. தவளைத் தம்பி, இறங்கு" என்றது எருமை.

தவளை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இறங்கியது. எருமை அதன் பாறையில் மூக்கை வைத்து ஓடுகளை ஒவ்வொன்றாகத் தள்ளியது. முக்குளிப்பான்களின் இரண்டு ஓடுகளும் ஆமைக்குப் போயின. ஆமைக்கு ஒன்பது! தவளை தானே வைத்த ஓடும் ஆமைக்குப் போனது. பத்து!

அடுத்த ஓட்டின் வாய் கீரியைப் பார்த்தது.

கூட்டம் திகைத்துப்போனது. அதற்கடுத்த ஓடும் கீரியைத்தான் பார்த்தது! கீரிக்கும் பத்து!

"யாரு? யாருடா வெச்சது?" என்று தவளை பதறியது. அதன் தம்பிகள் இரண்டும் தலையைக் குனிந்துகொண்டன.

"ராத்திரியில பாடாதேன்னு ஆமை திட்டிச்சுண்ணே. கீரி எங்க குரல் தேன் மாதிரி இருக்குன்னு சொன்னாரு" என்றது ஒன்று.

"பாவிகளா! கீரி தவளையையும் தின்னுமேடா!"

நீர்க்கோழி, இப்படியும் ஒரு முட்டாள்தனம் உண்டா என்று கத்த வாயெடுத்தது. போன வருஷத்துத் தன் முகம் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டது.

பாறையில் ஒரே ஒரு ஓடு மிச்சமிருந்தது. அது நீர்க்கோழியுடையது என்று எல்லோருக்கும் தெரியும். கீரி காலை நீட்டிச் சாய்ந்துகொண்டது.

"தள்ளு எருமையம்மா, தள்ளு! அக்காவுக்கு ஆமையைக் கண்டாலே ஆகாது!"

எருமை குனிந்து பார்த்தது. நிதானமாக மூச்சு விட்டது. பிறகு ஓட்டை ஆமையின் பாறைக்குத் தள்ளியது.

"ஆமைக்குப் பதினொண்ணு! கீரிக்குப் பத்து! ஆமைதான் தலைவர்!"

கீரி பாறையிலிருந்து எகிறிக் குதித்தது. அதன் கண்கள் பிதுங்கின. "முதல் எண்ணிக்கையில நான்தானே முந்தினேன்! எட்டு எப்படி ஏழுகிட்டத் தோற்கும்?"

"பாதிப் பேருக்கு மேல உன்னை வேண்டாம்னுட்டாங்க. போன வருஷமும் அப்படித்தான். அப்போ அதைச் சொல்ல வழியில்லாமப் போச்சு" என்றது எருமை.

காக்கைகள் சத்தமில்லாமல் பறந்தன. கீரியும் வரப்போரமாக நடையைக் கட்டியது. ஆமை மெதுவாக நகர்ந்து வந்து, கோரைப் புதரின் நுழைவாயிலை அடைத்துப் படுத்துக்கொண்டது.  

தவளைதான் கண்ணீரோடு வந்தது. "அக்கா, நீங்களுமா ஆமைக்கு?"

"உனக்குத்தான் முதல்ல வெச்சேன், தம்பி. இன்னைக்கும் எனக்கு உன்னைத்தான் பிடிக்கும். ஆமையை இன்னும் பிடிக்கல. ஆனா அதோ பாரு" என்று நீர்க்கோழி கூட்டைக் காட்டியது. நான்கு முட்டைகளில் ஒன்று இலேசாக விரிசல் விட்டிருந்தது. உள்ளேயிருந்து ஒரு சின்ன அலகு தட்டிக்கொண்டிருந்தது.

முதலில் பிடித்தவர் இல்லையென்றால் அடுத்தவர் யார் என்று சொல்ல வழியில்லாத ஊரில் பலருக்கும் வேண்டாதவரே தலைவராகிவிடுவார். வழி இருந்தும் கோபத்தில் அதை வீணாக்குகிறவர் தன் பகைவனைத் தானே நாற்காலியில் ஏற்றிவிடுவார்.