டிரைவர் துண்டு போட்டு வைத்த இடம்

இந்தக் கதைக்கு விடை கடைசியில் இருக்கிறது. கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தைப் பார்த்தே பாஸானவர்கள் அதைக் கையால் மூடிக்கொண்டு படிக்கவும்.

ஓர் அரசு மருத்துவக் கல்லூரி. இறுதியாண்டு மாணவர்களுக்கு இரண்டு வாரம் சித்த மருத்துவமும் சொல்லித்தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. "ரெண்டு வாரம் லீவு" என்று மாணவர்கள் குதூகலித்தார்கள். பொது மருத்துவத் துறைத் தலைவர் டாக்டர் மெஹருன்னிசாவுக்கும் அதே கருத்துதான். அவர் குதூகலிக்கவில்லை, அவ்வளவே.

சித்தப் பிரிவின் மருத்துவர் அறவாழி மூலிகைப் பெயர் எதையும் ஒப்பிக்கச் சொல்லவில்லை. பச்சை மையில் வருகைப் பதிவை முடித்துவிட்டு ஒரே வேலை கொடுத்தார். "வார்டுக்குப் போய் ஆளுக்குப் பத்து நோயாளிகளிடம், வீட்டில் வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேளுங்கள். என்ன பதில் வந்தாலும் உங்கள் முகம் மாறக் கூடாது." இது சுலபமில்லை. ஒருவன் "கழுதைப் பால்" என்று சொல்ல, எதிரில் இருப்பவன் சிரிக்காமல் எழுதிக்கொள்ள, ஒரு மதியம் முழுக்கப் பழகினார்கள்.

ஷைனி என்ற மாணவிக்கு வாய்த்த பத்தாவது ஆள், டவுன் பஸ் டிரைவர் பொன்னுலிங்கம். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர். ஒரே மாதத்தில் இரண்டு முறை மயங்கிவிட்டார். இரண்டாவது முறை ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே. நல்லவேளை, வண்டி நிறுத்தத்தில் நின்றிருந்தது. லேசாகக் கண் விழித்தவருக்குக் கண்டக்டர் கலர் வாங்கிக் குடிக்கக் கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தார். வந்தபோது சர்க்கரை சரியாக இருந்தது. இதயமும் மூளையும் சரி. அப்படியானால் வலிப்பாக இருக்கலாம். வெள்ளிக்கிழமை மெஹருன்னிசா அப்படி எழுதிவிட்டால் பொன்னுலிங்கம் இனிமேல் வண்டியைத் தொட முடியாது. இருபத்தாறு வருஷமாக அவருக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான்.

நாட்டு மருந்து பற்றி மெஹருன்னிசா முன்பே கேட்டிருந்தார். "கண்ட பொடியெல்லாம் திங்கிறீரா?" என்று கேட்டால் யார்தான் ஆமாம் என்பார்?

வியாழக்கிழமை ஷைனி கேட்டாள். "அண்ணாச்சி, காலைல எந்திச்சதும் வெறும் வயித்துல என்ன குடிப்பீங்க?"

"ஒரு கசப்புப் பொடிம்மா. சீனிக்குக் குடுத்தது." அவள் முகம் மாறவில்லை என்று பார்த்துக்கொண்டு தொடர்ந்தார். "அங்க மாத்திரையச் சொல்லல. இங்க பொடியச் சொல்லல. ரெண்டு பக்கமும் ஏசுவாவல்லா. குடுத்தவரு யாருன்னு மட்டும் கேக்காத தாயி. நல்ல மனுஷன்."

ஷைனி கேட்கவில்லை. மெஹருன்னிசாவிடம் போய்ச் சொன்னாள். "ஏதோ பொடி! அதுல என்ன இருந்துச்சோ. அதை நம்பி இவர் கையில அறுபது உயிரைக் கொடுக்க முடியுமா?" என்றார் அவர். அதுவும் நியாயம்தானே.

பொன்னுலிங்கத்தின் மனைவி கொண்டுவந்த பொட்டலத்தில் பெயர் எதுவும் இல்லை. "காலை ஒரு சிட்டிகை" என்று பச்சை மையில் எழுதியிருந்தது. ஷைனி அதை அறவாழியிடம் கொடுத்தாள். அவர் தன் பதிவேட்டை எடுத்துப் பின்னோக்கிப் புரட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை, மாணவர்கள் சூழ்ந்து நிற்க, அறவாழி தன் பதிவேட்டோடு வார்டுக்கு வந்தார். "மேடம், இந்தப் பொட்டலம் நான் கொடுத்தது. சிறுகுறிஞ்சான். அளவு, தேதி எல்லாம் இதுல இருக்கு. வேற மாத்திரை உண்டான்னு கேட்டேன். இல்லன்னார், நம்பிட்டேன். ரெண்டும் சேர்ந்து சர்க்கரையை இறக்கியிருக்கும். கண்டக்டர் குடுத்த கலர்ல ஏறிட்டதால இங்க வந்தப்ப தெரியல."

மெஹருன்னிசா பதிவேட்டை இரண்டு முறை படித்தார். பிறகு மாணவர்களிடம், "இவர் என்கிட்ட மறைச்சதுக்கு என் குரல்தான் காரணம்" என்றார். வலிப்பு என்று எழுதவில்லை. பொடி நின்றது, மயக்கமும் நின்றது. ஒரு மாதம் கண்காணித்துவிட்டு, வண்டி ஓட்டலாம் என்று அவரே சான்று எழுதினார். பொன்னுலிங்கம் அந்தக் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மறுபடி வேலைக்கு வந்த முதல் நாள், ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் பஸ்ஸை நிறுத்தி மூவரையும் கூப்பிட்டார். டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் புதுத் துண்டு விரித்திருந்தது. கவுன்சிலர் கேட்டும் கண்டக்டர் அதைக் கொடுக்கவில்லையாம். "என்னக் காப்பாத்துனவங்க இதுல உக்காரணும். ஊர் பூராச் சுத்திக் காட்டணும்" என்றார் பொன்னுலிங்கம்.

இடமோ ஒன்று. மெஹருன்னிசா, "கேட்டது இவள்" என்று ஷைனியைக் காட்டினார். ஷைனி, "கேக்கச் சொல்லிக் கொடுத்தது சார்" என்று அறவாழியைக் காட்டினாள். அறவாழி, "ஓட்டலாம்னு எழுதினது மேடம்" என்றார். பின்னாலிருந்து ஒருவர், "யாராவது உக்காருங்களேன், ஆபீசுக்கு நேரமாச்சு!" என்று கத்தினார். பொன்னுலிங்கம் என்ஜினை அணைத்துவிட்டார்.

வண்டி நிற்கிறது. சொல்லுங்கள், அந்த ஓர் இடம் நியாயப்படி யாருக்கு?

விடை: அறவாழிக்கு. ஷைனி கேட்காவிட்டால் எதுவுமே இல்லை. ஆனால் கேட்டதால் அவள் இழக்க எதுவும் இல்லை. மெஹருன்னிசாவுக்குப் பெரிய மனசு; அது திறந்தது அறவாழி வாய் திறந்த பிறகு. அவர் பொடிதானே விழவைத்தது என்பீர்கள். ஆமாம், அதனால்தான். பொட்டலத்தில் பெயர் இல்லை, நோயாளியும் காட்டிக்கொடுக்கவில்லை. சும்மா இருந்திருந்தால் அவர் மானம் தப்பியிருக்கும், பொன்னுலிங்கத்தின் வண்டி போயிருக்கும். தன் மருத்துவத்தை மதிக்கவைக்க வேண்டிய மாணவர்கள் முன்னாலேயே அவர் உண்மையைச் சொன்னார். மற்ற இருவரும் சேர்ந்து அவரை ஏற்றிவிட்டார்கள். அவர் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பொன்னுலிங்கம் திரும்பிப் பார்த்து, யாரும் கேட்காமலே, பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "காலைல மூணு இட்லி, ஒரு மாத்திரை. வேற ஒண்ணும் சாப்பிடல டாக்டர்." அப்புறம் என்ஜினைக் கிளப்பி, கியரைப் போட்டார்.